வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் அணியில் கிடந்தவர் எப்படித் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார்?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): 2014இல் நமது இலங்கை அணி ரி20 உலகக் கிண்ணத்தை வென்றபோது தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த போல் பார்பிரேஸ், இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் போட்டிகூட ஆடாதவராமே. அப்படியொருவரை எதை நம்பி எடுத்தார்கள்?

பதில்: டெஸ்ட் மட்டுமல்ல, எந்த வகைப் போட்டியிலும் அவர் இங்கிலாந்துக்கு ஆடியதில்லை. கவுண்டி எனப்படும் உள்நாட்டு மாவட்ட அணிகளிலேயே நிரந்தர இடத்துக்குத் தவித்தவர். ஆனால் அவரை எடுத்ததற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

பார்பிரேஸ் 1967இல் கென்ட் மாவட்டத்தின் ஆஷ் கிராமத்தில் பிறந்தவர். விக்கெட் காப்பாளர். 1987இல் கென்ட் அணிக்குள் வந்தபோது அங்கே ஸ்டீவ் மார்ஷ் அந்த இடத்தில் உறுதியாக நின்றுகொண்டிருந்தார். 1990இல் மிடில்செக்ஸுக்கு மாறினார். அங்கே 30 டெஸ்ட் ஆடிய போல் டவுன்டன் இருந்தார். அதே ஆண்டில் ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த பெயில்ஸ் (சிறு மரத்துண்டு) டவுன்டனின் கண்ணைத் தாக்கியது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். வாசல் திறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் மிடில்செக்ஸில் கீத் பிரவுண் என்ற துடுப்பாட்ட வீரர் கிளவுஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். ஓட்டமும் எடுப்பார், பந்தும் பிடிப்பார். அணித்தலைவர் யாரை எடுப்பார்? 1995இல் பார்பிரேஸ் ஆட்டத்தை விட்டபோது அவர் ஆடியிருந்த முதல்தரப் போட்டிகள் ஏறத்தாழ 40தான்.

துடுப்பாட்ட வீரருக்கு அணியில் ஆறு இடம் உண்டு, காப்பாளருக்கு ஒன்றே ஒன்று. அதனால் கவுண்டியின் இரண்டாவது காப்பாளர் பருவத்தின் பெரும்பகுதியை இரண்டாம் அணியிலும் நெட் எனும் வலைப் பயிற்சியிலும் கழிக்கிறார். மற்றவர்களுக்குப் பந்து எறிந்து கொடுக்கிறார். முதல் அணிக் காப்பாளருக்குக் காலையில் கைச் சூடேற்றிவிடுகிறார். யார் எப்போது தடுமாறுகிறார், தடுமாறும்போது எந்தக் கால் முதலில் நகர்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். பயிற்றுவிப்பாளரின் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

எங்களோடு அவருக்குத் தொடர்பு தொடங்கியது 2007இல். அவுஸ்திரேலியரான ட்ரெவர் பேலிஸ் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது, உதவியாளராக வந்தவர் பார்பிரேஸ். 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூரில் இலங்கை அணியின் பஸ் தாக்கப்பட்டபோது உள்ளே இருந்தவர்களில் அவரும் ஒருவர். கையில் சிதறல் பாய்ந்தது. அதே ஆண்டில் கென்ட் அணியின் பொறுப்பேற்கத் திரும்பினார். அங்கே 2010இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2011 பருவத்தோடு விலகினார். 2012இல் யோர்க்‌ஷயரின் இரண்டாம் அணிப் பயிற்றுவிப்பாளர். பதவி ஏணியில் இது இறக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

2014 தொடக்கத்தில் கிரஹம் போர்ட் விடைபெற்றதும் இலங்கை அவரை அழைத்தது. (கென்ட்டிலும் போர்ட் விட்ட கதிரையில்தான் அவர் அமர்ந்தார் என்பது வேடிக்கை.) அப்போது அணியிலிருந்த சங்கக்கார, மஹேல, டில்ஷான், மாலிங்க, குலசேகர, ஹேரத் எல்லோரும் 2007–2009 காலத்திலேயே அவரோடு பழகியவர்கள். புதிதாக ஒருவர் வந்து வீரர்களைப் புரிந்துகொள்ளச் செலவழிக்கும் ஆறு மாதம் இங்கே மிச்சம். மார்ச் 8ஆம் திகதி மிர்பூரில் பாகிஸ்தானை 5 விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணம். ஏப்ரல் 6ஆம் திகதி அதே மைதானத்தில் இந்தியாவை 130 ஓட்டங்களுக்குள் கட்டிப்போட்டு 6 விக்கெட்டால் உலகக் கிண்ணம். பந்து வீசியதும் ஓட்டம் எடுத்ததும் வீரர்கள்தான். ஆனால் அணித்தலைவர் சந்திமாலுக்குத் தடை விழுந்து, மாலிங்க தலைமை ஏற்று, பின்னர் சந்திமால் திரும்ப வரமுடிந்தபோதும் அவர் வெளியே இருந்து, மாலிங்கவே இறுதிப் போட்டி வரை தொடர்ந்தார். இந்த மாற்றம் உடைமாற்று அறையில் சண்டையாகாமல் நடந்ததே, அதில் பயிற்றுவிப்பாளருக்குப் பங்குண்டு.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): கிண்ணத்தை வென்ற சூட்டோடு எங்களை விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடியது நியாயமா?

பதில்: கொழும்பில் அன்று பலருக்குக் கோபம் வந்தது உண்மை. ஏப்ரல் மாதமே பீட்டர் மூர்ஸின் உதவியாளராக இங்கிலாந்து அணியில் சேர்ந்தார். தலைமைப் பதவியை விட்டு உதவிப் பதவிக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். வீடு, குடும்பம், சொந்த நாட்டு அணி மூன்றும் ஒரே பக்கம் இருந்தால் பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் அதைத்தான் எடுப்பார்கள். நிறுவனங்கள் இதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்; விலகல் அறிவித்தல் காலத்தை நீட்டியும் எதிரணிக்கு உடனே போவதைத் தடுத்தும் எழுதிக்கொள்ளலாம்.

கோபம் ஆற ஒரு தகவல்: இரண்டு மாதம் கழித்து மர்வன் அத்தபத்துவோடு இங்கிலாந்து போன நமது அணி, ஹெடிங்லியில் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் அண்டர்சனை ஷமிந்த எரங்க வீழ்த்த, 100 ஓட்டங்களால் வென்று டெஸ்ட் தொடரை 1–0 எனக் கைப்பற்றியது. எதிர்ப்பக்க அறையில் பார்பிரேஸ் இருந்தார்.

பின்னர் 2015இல் மூர்ஸ் நீக்கப்பட, நியூசிலாந்துத் தொடருக்கு அவரே தற்காலிகப் பொறுப்பாளர். எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்து ஒருநாள் போட்டியில் முதன்முறையாக 400ஐத் தாண்டியது அந்தத் தொடரில்தான் (408/9). அடுத்து பேலிஸ் வந்தார்; பழைய கூட்டணி திரும்பியது. 2019இல் வோர்விக்‌ஷயருக்குப் போனார், அந்தக் கவுண்டி 2021இல் சம்பியன். 2023 முதல் சசெக்ஸ். 2024இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது.

கேள்வி (வத்தளை வாசகர்): "இரண்டாம் அணி" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அங்கே பயிற்றுவிப்பாளர் உண்மையில் என்ன செய்வார்?

பதில்: இங்கிலாந்தில் முதல்தரக் கவுண்டிகள் 18. இப்போது முதலாம் பிரிவில் 10, இரண்டாம் பிரிவில் 8. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை 14 நான்கு நாள் போட்டிகள். ஒப்பந்தத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். பதினொருவர் போக மிச்சப் பேர் எங்கே ஆடுவது? அதற்குத்தான் இரண்டாம் அணி. அதற்கென்று 1959 முதல் தனிச் சம்பியன்ஷிப் நடக்கிறது.

அந்த அறையில் நான்கு வகை ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள்: காயத்திலிருந்து திரும்பும் மூத்த வீரர், முதல் அணியிலிருந்து இறக்கப்பட்டு முகம் தொங்கியவர், பதினேழு வயது அகடமிப் பையன், ஒப்பந்தம் கிடைக்குமா என்று பரீட்சிக்க வந்தவர். நால்வருக்கும் அந்தப் போட்டி வெவ்வேறு போட்டி. காயத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளருக்கு வைத்தியக் குழு ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று வரம்பு போட்டிருக்கும். விக்கெட் விழுந்துகொண்டிருந்தாலும் 13ஆவது ஓவரைக் கொடுக்கக் கூடாது. அகடமிப் பையனுக்கு இடம் தர, இறக்கப்பட்டவரை ஏழாவதாக அனுப்பினால் அவர் நம்பிக்கை இன்னும் உடையும். வெற்றிக்காக ஆடினால் வீரர்கள் வளரமாட்டார்கள். வெற்றியே வேண்டாம் என்று ஆடினால் போட்டி வெறும் நெட் ஆகிவிடும். இந்தக் கயிற்றில் நடக்கப் பழகியவர் சர்வதேச அறைக்கு வந்தால் பயப்படமாட்டார்.

போட்டி முடிந்த மாலையே முதல் அணிப் பயிற்றுவிப்பாளருக்கு அறிக்கை போகவேண்டும். "நன்றாக ஆடினார்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "62 ஓட்டம், குறுகிய பந்துக்கு இருமுறை பின்காலில் தாமதம், இடதுகைச் சுழலுக்குத் தயக்கமில்லை" என்று எழுதினால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவெடுக்கலாம்.

கேள்வி (தெஹிவளையிலிருந்து ஒரு தாய்): மகன் 13 வயதுக்குட்பட்ட பாடசாலை அணியில் விக்கெட் காப்பாளர். சுழற்பந்துக்குப் பந்தை விட்டுவிடுகிறான், விரலிலும் அடிபடுகிறது. வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி சொல்வீர்களா?

பதில்: சொல்கிறோம் அம்மா. முதலில் விரல். விரல் நுனி பந்தை நோக்கி நீண்டிருந்தால் அடிபடத்தான் செய்யும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் நிலத்தைப் பார்க்கவேண்டும், இரு சின்ன விரல்களும் சற்று ஒன்றின்மேல் ஒன்று. மார்புக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்கவேண்டும், அல்லது உடலைப் பக்கவாட்டில் நகர்த்தி இடம்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வரும் பந்தில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். அதைத் தனியாக எறிந்து பழக்குங்கள்.

அடுத்தது, பந்தை விடுவது. பத்துக்கு எட்டு முறை காரணம் ஒன்றுதான்: பந்து குத்துவதற்கு முன்பே எழும்பிவிடுவது. பந்து எழும்பும் வேகத்தோடுதான் காப்பாளரும் எழவேண்டும். அவன் குந்தியிருக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குதி நிலத்தில் ஒட்டியிருந்தால் பக்கவாட்டில் நகர முடியாது. பாரம் முன்பாதத்தில் இருக்கவேண்டும். பந்து குத்தும் கணத்தில் அவன் தலை உயர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கைத்தொலைபேசியில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படம் பிடித்தால் அவனே கண்டுகொள்வான்.

வீட்டுச் சுவரே போதும். டெனிஸ் பந்து, கிளவுஸ் இல்லாமல். சுவரிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் குந்தி, தானே எறிந்து பிடிக்கட்டும்: இரு கையால் 12, வலக்கையால் 12, இடக்கையால் 12. ஒரு நிமிட ஓய்வு. இப்படி மூன்று சுற்று. பிறகு நீங்களோ அண்ணனோ பின்னால் நின்று அவன் தலைக்கு மேலாகச் சுவரில் எறியுங்கள். எங்கிருந்து வருமென்று தெரியாததால் கண் வேலை செய்யும். கடைசி 12 பந்துக்கு ஒருவர் முன்னால் நின்று, பந்தில் படாமல் மட்டையைச் சுழற்றவேண்டும். மட்டை வீசும்போது கண்ணை மூடுவதுதான் சுழற்பந்துக்குப் பந்து தவறுவதன் இரண்டாவது பெரிய காரணம். மொத்தம் அரை மணிக்கு மேல் வேண்டாம். களைத்த பிள்ளை பந்தை வாங்காமல் பறிக்கத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம்.

ஸ்டம்புக்கு நெருங்கி நிற்கும்போது, கையை நீட்டினால் பெயில்ஸைத் தட்டக்கூடிய தூரம் இருக்கவேண்டும். அதற்காக முன்னே போய்விடவும் கூடாது: பந்து மட்டையிலோ துடுப்பாட்டக்காரரிலோ படுவதற்கு, அல்லது ஸ்டம்பைக் கடப்பதற்கு, முன் காப்பாளர் முழுமையாக ஸ்டம்புக்குப் பின்னால் இருக்கவேண்டும். மீறினால் நோ-போல். ஸ்டம்பிங் செய்த சந்தோஷம் வீணாகும்.

ஹெல்மட் கட்டாயம். 18 வயதுக்குட்பட்ட காப்பாளர் நெருங்கி நின்றால் முகக்காப்போடு ஹெல்மட் அணியவேண்டும் என்பது இங்கிலாந்தின் விதிமுறை. மேலே டவுன்டனைப் பற்றிச் சொன்னோம். 2012இல் தென்னாபிரிக்காவின் மார்க் பௌச்சரும் டோன்டனில் பெயில்ஸ் கண்ணில் பட்டுத்தான் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். இருவரும் சர்வதேசக் காப்பாளர்கள் என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்.

கிளவுஸ் வாங்கும்போது "வளர்கிற கை" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கவேண்டாம். உள்ளே இன்னர் (மெல்லிய உள்கையுறை) போட்டபின் விரல் நுனி கிளவுஸின் நுனியைத் தொடவேண்டும். கொழும்பு வெக்கையில் இன்னர் ஒரு மணி நேரத்தில் தொப்பலாகிவிடும். இரண்டு சோடி வைத்திருங்கள். கிளவுஸை வெயிலில் காயவிட்டால் உள்ளங்கை இறப்பர் வெடிக்கும், பந்து வழுக்கும். இன்னரை வெளியே எடுத்துவிட்டு நிழலில், காற்றோட்டத்தில் போடுங்கள். பந்தின் எடையையும் பாருங்கள்: 13 வயதுக்குட்பட்டோர் பந்து 133–144 கிராம், பெரியவர் பந்து 155.9–163 கிராம். சில இடங்களில் பயிற்சிக்குப் பெரிய பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): கழக மட்டத்தில் ஆடி முடித்துவிட்டேன். பயிற்றுவிப்பாளராகி, கோடையில் இங்கிலாந்து லீக் கழகம் ஒன்றில் வேலை தேட எண்ணுகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: மெயிட்லண்ட் பிளேஸில் உள்ள இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் லெவல் 1 பாடநெறி எப்போது என்று கேட்டுப் பதியுங்கள். பிறகு ஒரு பருவமாவது ஒரு பாடசாலையில் உதவியாளராக நில்லுங்கள். தேதி, வயது, பயிற்சி, யாருக்கு என்ன சரிவரவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். லெவல் 2க்கும் நேர்முகத்துக்கும் அந்தக் கொப்பி சான்றிதழைவிட அதிகம் பேசும். சான்றிதழை மட்டும் அடுக்கிக்கொண்டு பிள்ளைகள் முன் நிற்காதவர்களைப் பாடநெறி நடத்துபவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கிலாந்தில் சான்றிதழோடு சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவி, பொலிஸ் பின்னணிச் சோதனை மூன்றும் கேட்பார்கள். எங்கள் ஊரில் பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கச் சில வாரம் ஆகும். பருவம் ஏப்ரலில் தொடங்குவதால் புத்தாண்டுக்குப் பிறகு ஓடித்திரிவதில் பயனில்லை. வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கான ஓவர் வரம்பையும் அங்கே எதிர்பார்ப்பார்கள்: 13 வயது வரை ஒரு தொடர்ச்சிக்கு 5 ஓவர், நாளுக்கு 10 என்பது அவர்கள் நீண்டகாலமாகப் பின்பற்றும் அளவு. நேர்முகத்தில் இதைத் தெரியாமல் போனால் சங்கடம்.

அதிகம் பேர் வழுக்குவது வீசாவில். பார்வையாளர் வீசாவில் போய்ச் சம்பளத்துக்கு ஆடவோ பயிற்றுவிக்கவோ முடியாது. "சம்பளமில்லை, தங்குமிடமும் சாப்பாடும் மட்டும்" என்று ஒரு கழகம் சொன்னாலும் ஏமாறவேண்டாம்; முதல்தரப் போட்டி ஆடியவர் என்றால் இன்னும் கவனம். கழகத்திடம் அனுசரணை அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும், இங்கிலாந்து கிரிக்கெட் சபையின் ஒப்புதல் வேண்டும், அதன்பின்தான் சர்வதேச விளையாட்டு வீரர் வீசா. கழகத்தோடு பேசும் முதல் நாளே "உங்களிடம் அனுமதிப்பத்திரம் உண்டா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கழகம்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): கிறிஸ் சில்வர்வூட் ஆசியக் கிண்ணம் வென்று தந்தார், பிறகு 50 ஓட்டத்துக்குச் சுருண்டதும் அவர் காலத்தில்தான். அவர் நல்லவரா கெட்டவரா?

பதில்: அவரும் கவுண்டி ஆள்தான்: யோர்க்‌ஷயர், பின்னர் மிடில்செக்ஸ் வேகப்பந்து வீச்சாளர், 6 டெஸ்ட். எசெக்ஸை 2016இல் முதலாம் பிரிவுக்கு ஏற்றி, 2017இல் 25 ஆண்டுக்குப் பின் சம்பியனாக்கினார். 2019இல் இங்கிலாந்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். 2021இல் வீரர் தெரிவும் அவர் கைக்கே கொடுக்கப்பட்டது. ஆஷஸ் தொடரை அவுஸ்திரேலியாவிடம் 4–0 என இழந்ததும் 2022 பெப்ரவரியில் பதவி போனது. ஏப்ரலில் இங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தார். செப்டெம்பரில் டுபாயில் ஆசியக் கிண்ண இறுதியில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றோம். அடுத்த செப்டெம்பர் 17ஆம் திகதி கொழும்பு கெத்தாராம மைதானத்தில், அடுத்த ஆசியக் கிண்ண இறுதியில், இந்தியாவின் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். மழைக்காகக் கொண்டுபோன குடையை விரிப்பதற்குள் ஆட்டம் முடிந்தது. 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடம், அதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ண வாய்ப்பும் போனது. 2024 ஜூனில் விலகினார்.

இங்கிலாந்தில் தெரிவு முழுவதும் அவர் பொறுப்பு, ஆகவே தோல்வியும் அவர் கணக்கு. இங்கே தெரிவுக்குழு தனி. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். பதினைந்து பேரை வேறு யாரோ எழுதிக் கொடுத்தபின் பயிற்றுவிப்பாளருக்குப் புள்ளி போடுவது சரியான கணக்கல்ல. அவர் காலத்தில் துடுப்பாட்ட வரிசை ஸ்விங் பந்துக்குத் திரும்பத் திரும்ப ஒரே விதமாக விழுந்ததே, அதற்கு மட்டும் அவரிடமும் அவரது துடுப்பாட்ட உதவியாளர்களிடமும் கேள்வி கேட்கலாம்.

கேள்வி (பொரளை வாசகர்): ஆடாமலே பயிற்றுவிப்பாளராக முடியுமா?

பதில்: முடியும். நியூசிலாந்தை 2015 உலகக் கிண்ண இறுதிக்குக் கொண்டுபோன மைக் ஹெசன் ஒரு முதல்தரப் போட்டிகூட ஆடியதில்லை.

கேள்வி (கொள்ளுப்பிட்டி வாசகர்): கவுண்டிப் போட்டிகளை இங்கிருந்து பார்க்கலாமா?

பதில்: கவுண்டிகள் தமது யூடியூப் பக்கங்களிலும் இணையத்தளங்களிலும் சம்பியன்ஷிப் போட்டிகளை இலவசமாக நேரலையில் தருகின்றன. காலை 11 மணி ஆட்டம் எங்களுக்குப் பிற்பகல் 3.30, செப்டெம்பரில் அரை மணி முந்தும். நாளுக்கு 96 ஓவர் என்பதால் இரவு பத்து, பத்தரை வரை போகும். நிலையான கமெரா வைத்த ஒளிபரப்பைத் தேடுங்கள். பந்தைத் துரத்தி ஓடும் தொலைக்காட்சிப் படத்தில், ஒவ்வொரு பந்துக்கும் முன் காப்பாளர் எத்தனை அடி முன்னே பின்னே நகர்கிறார் என்பது தெரியாது.